ஷாப்லியில் கல் எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: பாரிஸ் உணவகம் ஒன்றில் ஒயின் பரிமாறும் புதுச்சேரிக்காரர்.

கேள்வி: அண்ணா, நான் பாரிஸில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். புது வருஷத்துக்கு முதலாளி ஒரு பாட்டில் ஷாப்லி வெள்ளை ஒயின் கொடுத்தார். ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தேன், புளிப்பு தவிர ஒன்றும் தெரியவில்லை. பரிமாறுகிற பையன்களோ 'மினரல், மினரல்' என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள், கல்லின் ருசியாம். கல்லுக்கு ருசி உண்டா? என் நாக்குதான் சரியில்லையா?

பதில்: தம்பி, உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. புளிப்பைப் பிடித்துவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது.

ஊரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷாப்லி, பர்கண்டி என்ற ஒயின் வட்டாரத்தின் வடகோடியில், உங்களிடமிருந்து 180 கிலோமீட்டர் போல தென்கிழக்கே, ஸெரான் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். அந்த ஊர்ப் பெயரில் ஒயின் செய்ய ஷார்டொனே திராட்சை ஒன்றுக்குத்தான் அனுமதி. ஏப்ரலில் துளிர் விடும் நேரம் உறைபனி இறங்கினால், ராத்திரி முழுக்கத் தோட்டத்தில் மெழுகுச் சட்டிகளைக் கொளுத்தி வைத்துக்கொண்டு காவல் இருப்பார்கள். சிலர் துளிர்மேல் தண்ணீரைத் தெளித்து, அது உறைந்து கவசமாகட்டும் என்று விடுவார்கள். அப்படியும் 2016லும் 2021லும் விளைச்சலில் பெரும்பங்கு போயிற்று. அந்தக் குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு குறையாமல் தங்குகிறது.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற மண். சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்து, சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. கிம்மரிஜியன் என்பார்கள். ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால், நகம் அளவுகூட இல்லாத சிப்பிகள் கல்லாகி அப்பிக்கொண்டிருக்கும். அதைக் காட்டிவிட்டு ஒரு கிளாஸை நீட்டினால் யாருக்குத்தான் கடல் உப்பு தெரியாது? (மேஜையில் அந்தக் கல்லை வைத்து விற்கிறவர்களில் நானும் ஒருவன்.)

ஆனால் சிப்பி வேர் வழியாக ஏறி பாட்டிலுக்குள் வருவதில்லை. கொடி மண்ணிலிருந்து உறிஞ்சுவது தண்ணீரையும் அதில் கரைந்த பொட்டாசியம், கால்சியம் போன்ற சத்துகளையும்தான். கல்லின் ருசி என்று தனியாக ஒன்று அதில் வராது. புவியியல் படித்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். தண்ணீரை எவ்வளவு வடிக்கிறது, சரிவில் எவ்வளவு வெயில் விழுகிறது என்ற வகையில் நிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அது வேறு.

சரி, பையன்கள் எதைச் சொல்கிறார்கள்? அடுத்த பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிஷம் வெளியே வையுங்கள். 10, 11 டிகிரி போதும். நாலு டிகிரியில் எந்த வெள்ளை ஒயினும் வெறும் புளிச்ச தண்ணீர்தான். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றாமல் மோந்து பாருங்கள். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், அதற்குப் பின்னால் தீக்குச்சி உரசியதும் வருமே, அந்த வாசனை மெல்லிசாக. எல்லா பாட்டிலிலும் வராது. வந்தால் அது சில கந்தகச் சேர்மங்களின் வேலை. ஒன்றுக்குப் பென்சீன்மீத்தேன்தயால் என்று பெயர், படித்த கையோடு மறந்துவிடலாம்.

இப்போது ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் கொஞ்சம் வைத்திருங்கள். நாக்கின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊறும். காரணம் டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியில் இருப்பதும் அதுதான். விழுங்கியபின் யாரோடும் பேசாதீர்கள். பழ ருசி முதலில் போய்விடும், புளிப்பு நிற்கும், அதுவும் தேய்கிறபோது லேசாக உப்பு கரிக்கும், சுண்ணாம்புத் தூள் பட்டதுபோல வாய் வறளும். பையன்கள் கண்ணை மூடுகிற இடம் அது. இந்த ஒயினில் இனிப்பு கிடையாது. பெரும்பாலும் ஸ்டீல் தொட்டியில் வளர்வதால் மரப்பீப்பாய் வாசனையும் கிடையாது. மறைக்க ஒன்றும் இல்லாததால்தான் அந்தக் கடைசி ருசி வெளியே தெரிகிறது. அதற்கு 'மினரல்' என்று பெயர் வைத்தது வசதிக்காக. எனக்கு அந்தப் பெயரில் ஆட்சேபம் இல்லை, கல் கரைந்து வந்த கதையில்தான்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் இருந்த ஷாப்லியின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. கொட்டிவிடட்டுமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! மேலே சொன்ன புளிப்புதான் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் உப்பாகப் படிந்திருக்கிறது. கேக் சாமான் கடையில் 'க்ரீம் ஆஃப் டார்டார்' என்று விற்பது இதே பொருள். மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள், கடைசி மடக்கை பாட்டிலிலேயே விடுங்கள்.

கேள்வி: புதுச்சேரிக்கு விடுமுறைக்கு வருகிற சித்தப்பாவிடம் ஒரு பாட்டில் கேட்டிருக்கிறேன். பெத்தி ஷாப்லி, ஷாப்லி, பிரமியே க்ரூ, க்ரான் க்ரூ என்று கீழிருந்து மேலாக நாலு தரம் சொல்கிறார். விலை ஏற ஏற நல்லதா? மீன் குழம்போடு குடிக்கலாமா?

பதில்: முன்னும் பின்னும் ஒன்றும் ஒட்டாத வெறும் 'ஷாப்லி' வாங்கி வரச் சொல்லுங்கள். க்ரான் க்ரூ ஆற்றின் வலது கரையில் ஒரே மலைச்சரிவில் இருக்கிற ஏழு தோட்டங்களின் ஒயின். லே க்ளோ, வால்மூர் எல்லாம் அதில் அடக்கம். பல வருஷம் வைத்துத் திறக்க வேண்டிய சரக்கு, பலர் அதில் கொஞ்சம் மரப்பீப்பாயும் சேர்ப்பார்கள். சித்தப்பா காசு வீணாகும்.

மீன் குழம்பு வேண்டாம். புளிக்கு மேல் புளி, மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் இன்னும் கிளப்பிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் சமைக்காத சிப்பியோடு குடிப்பார்கள். நீங்கள் வஞ்சிரத்தை உப்பும் மிளகும் மட்டும் போட்டு வறுத்து, குழம்பை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.