சைடு விங்கில் நின்ற வருடங்கள்

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் நடிகர் ஆலன் ரிக்மன் நடித்த ஹாரி பாட்டர் படங்களைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். அவருடைய முதல் சினிமா வெளியானபோது அவருக்கு 42 வயது என்று அறிந்ததும் மனசு பாரமாகிவிட்டது. எத்தனை வருடம் வீணாகியிருக்கும்! ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை, அநியாயம் இல்லையா? எனக்கு 33 வயது, ஐ.டி. வேலை. விட்டுவிட்டு நடிப்பு கற்கப் போகலாமா?

கா.

அன்புள்ள கா.,

ஆஸ்கரை விடுங்கள். அதைப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. ‘வீணாகியிருக்கும்’ என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

எந்த வருடம் ஐயா வீண்? லண்டனில் ஆக்டன் பகுதித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. எட்டு வயதில் அப்பா இறந்துவிட்டார். கிராஃபிக் டிசைன் படித்து, நண்பர்களோடு ஸ்டூடியோ நடத்தி, 26 வயதில்தான் ராடா நாடகப் பள்ளிக்குப் போனார். செலவுக்கு, மேடை நடிகர்களான ரால்ஃப் ரிச்சர்ட்சனுக்கும் நைஜல் ஹாதார்னுக்கும் டிரஸ்ஸராக இருந்தார். உடுப்பை எடுத்து வைத்து, காட்சி மாறும் அந்த அரை நிமிஷத்தில் நடிகருக்கு மாட்டிவிடும் வேலை.

அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். 22 வயதில், ஒரு சபா நாடகக் குழுவில். மேடையில் முழங்கிவிட்டு, மேடையோர மறைவான சைடு விங்குக்குள் வருவார் எங்கள் பெரியவர். முதுகெல்லாம் தெப்பமாக நனைந்திருக்கும். ஜிப்பாவின் பொத்தானைக் கழற்றும்போது அவர் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் விரலுக்குத் தெரியும். அடுத்த ஜிப்பாவுக்குள் கையை நுழைத்ததும் கண்ணை மூடி ஒரே ஒரு மூச்சு. திரும்ப மேடையேறும்போது வேறு ஆள். முன்வரிசையில் உட்கார்ந்து நூறு நாடகம் பார்த்தாலும் அந்த மூச்சு கண்ணில் படாது. “துணி மடித்தே காலத்தை ஓட்டிவிடுவாயா?” என்று வீட்டில் கேட்பார்கள். உங்கள் கடிதத்திலும் அதே குரல்தான் கேட்டது. அதனால்தான் இத்தனை கோபம்.

அப்புறம், சினிமாவுக்கு முன்னால் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1985இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் ‘லெ லியேசான் டாஞ்சரூஸ்’ நாடகத்தில் வால்மோன் என்ற முக்கிய வேடம். அதே நாடகம் 1987இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்குப் போனது, அமெரிக்க நாடக விருதான டோனிக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டார். அடுத்த வருடம் அந்தக் கதை படமானபோது அவர் வேடம் ஜான் மால்கோவிச்சுக்குப் போய்விட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அதே 1988இல்தான் நீங்கள் சொல்லும் அந்த முதல் படம், ‘டை ஹார்ட்’. சினிமாவில் பெயர் வாங்கியபின் நாடகத்தை மறந்தாரா? முதல் ஹாரி பாட்டர் வந்த 2001இலேயே லண்டன் மேடையில் ‘பிரைவேட் லைவ்ஸ்’ நாடகத்தில் நின்றார். மேடை அவருக்கு சினிமா ஏறும் படிக்கட்டு இல்லை.

‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ பாருங்கள். அவர் நேசிக்கும் பெண் காய்ச்சலில் கிடக்கிறாள். சுவரோடு சாய்ந்து நிற்கிறார். செய்வதற்கு ஏதாவது வேலை கொடுங்கள், இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும் என்கிறார். கத்தவில்லை, அழவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். நிற்கத் தெரிந்தவர் நிற்கிறார் கா., அவ்வளவுதான்.

வேலையை இப்போது விட வேண்டாம். உங்கள் ஊரில் ஒத்திகை நடக்கும் இடம் ஒன்றைத் தேடுங்கள். சனிக்கிழமை போய், வேடம் கேட்காமல், யாருடைய சட்டைக்காவது இஸ்திரி போட்டுக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுகிறேன்.