முன் அனுபவத்துக்கு எங்கே போவது?

கேள்வி: பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்து, வலைவடிவமைப்புப் பயிற்சியும் பெற்றேன். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். விண்ணப்பிக்கும் இடமெல்லாம் "முன் அனுபவம் உண்டா?" என்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அப்பா தறி ஓட்டுகிறார். சிவதாபுரத்தில் மாமாவின் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுத வரச் சொல்கிறார்கள். போய்விடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: போங்கள் அம்மா. நீங்கள் மனமில்லாமல் கடைசியில் எழுதிய அந்த வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது.

ஆண்டுக்கணக்கில் இந்தத் துறையில் ஆள் எடுப்பவள் நான். எங்களுக்கு வரும் மாதிரித் தளங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. பயிற்சி மையத்தில் எல்லோருக்கும் கொடுத்த அதே பீட்சா கடை, அதே சுற்றுலா நிறுவனம். அவற்றைப் பார்த்து யாருடைய திறமையையும் கணிக்க முடியாது. நீங்கள் மாமாவின் பட்டறைக்குத் தளம் செய்யுங்கள்.

முதலில் கணினியைத் தொடாதீர்கள். பட்டறையில் சில நாள் போன் எடுங்கள். ஜோடி எத்தனை கிராம், என்ன டச் (வெள்ளியின் தூய்மை), என்ன அளவு, எப்போது கிடைக்கும் என்றுதான் வியாபாரிகள் கேட்பார்கள். அப்படியிருக்க, முகப்பில் 'எங்கள் நோக்கம்' என்று நான்கு பத்தி எதற்கு? ஒவ்வொரு கொலுசின் படத்துக்கும் கீழே எடை, டச், அளவு போதும். வெள்ளி விலை தினமும் மாறும். விலையை எழுதாமல், வாட்ஸ்அப்பில் விசாரிக்க அங்கே ஒரு பொத்தான் வையுங்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நேர்காணலில் உங்களால் சொல்ல முடிந்தால், அதைத்தான் நாங்கள் அனுபவம் என்கிறோம்.

தளத்தைத் தமிழில் செய்யுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 'விசாரிக்க' என்ற சொல் பொத்தானில் அடங்கிவிடும். 'தொடர்புகொள்ளுங்கள்' என்று எழுதினால் 360 பிக்சல் அகலச் செல்போன் திரையில் பக்கத்துப் பொத்தானை இடித்துக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில், மேல்வரி எழுத்தின் கீழ்ச்சுழியும் ('மு' போல) கீழ்வரி எழுத்தின் மேல்விலங்கும் ('மி' போல) உரசும். வரி இடைவெளியைத் தீர்மானிக்கும் லைன்-ஹைட்டை 1.6, 1.7 என்று கூட்டிப் பாருங்கள். வெள்ளிக் கொலுசு என்பதற்காக வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வைக்க ஆசை வரும். வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளிர்வு வேறுபாடாவது வேண்டும் என்கிறது, இணையத் தர நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி. பேத்திக்குக் கொலுசு பார்க்கும் பாட்டிக்கும் அது தெரிய வேண்டாமா?

செல்போனில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றாதீர்கள். ஒவ்வொன்றும் நாலைந்து எம்.பி. இருக்கும். அகலத்தைக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றினால், சலங்கை வேலைப்பாடு தெளிவாகத் தெரியும்படியே 150 கே.பி.க்குள் கொண்டுவந்துவிடலாம்.

இன்னொன்று: மாமாவாகவே இருந்தாலும் இலவசமாகச் செய்யாதீர்கள். சிறு தொகையாவது வாங்கி ரசீது கொடுங்கள். காசு கொடுத்தவர்தான் "இது பிடிக்கவில்லை, மாற்று" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அந்தத் திருத்தங்களைத் தேதியோடு குறித்து வையுங்கள். சொந்தக்காரர் அல்லாத ஒருவருக்கு அடுத்த தளம். ஏற்காட்டில் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுபவர்கள் எத்தனையோ பேர், தொலைபேசி எண்ணை மட்டும் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

மாதிரியைக் கிட்ஹப் பேஜஸ் என்ற இணையச் சேவையில் இலவசமாக ஏற்றலாம். தற்குறிப்பின் தலைப்பிலேயே இணைப்பைக் கொடுங்கள். சான்றிதழ்கள் கீழே இருக்கட்டும். பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திராமல், சேலம் ஃபேர்லாண்ட்ஸ் பக்கம் உள்ள சிறு அலுவலகங்களுக்கு நேரில் போய், போனிலேயே தளத்தைத் திறந்து காட்டுங்கள். அப்பாவிடமும் காட்டுங்கள்.

கேள்வி: நேர்காணல் இல்லாமலேயே வலைவடிவமைப்பாளர் வேலை உறுதி என்கிறது ஒரு நிறுவனம். மடிக்கணினிக்கு முன்பணமாக 15,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: கட்டாதீர்கள் தம்பி. உங்கள் வேலையை ஒரு முறைகூடப் பார்க்காமல் யாரும் வடிவமைப்பாளரை எடுப்பதில்லை. சம்பளம் தரவேண்டியவர் உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடிதான். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் அழிக்காதீர்கள்.