ஹாமர் பவளத்தில் பழுப்புக் கூழ்: இன்று வெட்டுங்கள், பிறகு நீரைத் திருத்துங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். சம்ப்பையும் (கீழே உள்ள வடிகட்டுத் தொட்டி) சேர்த்து மொத்த நீர் 200 லிட்டர். கிளை வகை ஹாமர் பவளத்தில் (சுத்தியல் போன்ற கைநுனிகள் உள்ள கல் பவளம்) ஏழு தலைகள் உள்ளன. இரண்டில் சதை அடியிலிருந்து மேலேறி வெள்ளைக் கூடு தெரிகிறது. நேற்று முதல் இன்னொன்றின் மேல் பழுப்பு நிறக் கூழ் படிந்திருக்கிறது. வெப்பம் 27 முதல் 28.5 டிகிரி, உப்பு அடர்த்தி 1.025, கால்சியம் லிட்டருக்கு 380 மி.கி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியம். ஞாயிறுதோறும் சமையல் சோடா 23 கிராம் போடுகிறேன். போடுமுன் கே.ஹெச் (நீரின் காரத்தன்மையை டிகிரியில் சொல்லும் அளவு) 7.4, போட்டபின் 11.2. இரண்டு மாதமாகப் பாஸ்பேட் நீக்கி ஒன்றும் ஓடுகிறது. அருகில் டார்ச் பவளம் ஒன்று உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தொட்டியில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. கூழ் இன்றைய அவசரம். சதை சுருங்குவது பல வாரங்களாக நடந்துவரும் பட்டினி. பட்டினியால் நலிந்த பவளத்தைத்தான் கூழ் நோய் பிடித்திருக்கிறது. ஆகவே முதலில் கூழ், அப்புறம் நீர்.

முதலில் அது கூழ் நோய்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நலமான ஹாமரும் சில நேரம் வாய்வழியே பழுப்பு நூல் போலக் கழிவைத் துப்பும். அது தன்னுடன் வாழும் பாசியை வெளியேற்றுவதுதான், பயமில்லை. கூழ் நோய் வேறு. நீர் பீய்ச்சினால் திட்டுத்திட்டாகக் கலைந்து, அடியில் சதையற்ற கூடு தெரியும். அழுகல் நாற்றம் வரும். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் நூறு மடங்கில் பார்த்தால், பவளத்தின் பாசியை விழுங்கிய ஒருசெல் உயிரிகள் மொய்ப்பது தெரியும். பழுப்பு நிறம் அந்தப் பாசியிலிருந்து வருவது. ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்கு ஓரிரு நாளில் தாவிவிடும் என்பதால் காத்திருந்து பார்க்கும் நோயல்ல இது.

செய்முறை இதோ. நீரோட்ட மோட்டார்களை எல்லாம் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கூழ் பறந்து டார்ச்சின் மேல் போய் உட்காரும். மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி வாளியில் விட்டு, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். வடிகட்டித் திரும்ப ஊற்றும் ஆசை வேண்டாம். பிறகு பவளத்தை முழுதாக வெளியே எடுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். வெட்டும்போது துணுக்கும் சளியும் தெறிக்கும்.

கிளை வகையில் ஒவ்வொரு தலையும் தனித்தண்டின் மேல் நிற்கும், இடையில் இருப்பது உயிரற்ற சுண்ணாம்பு. சுவர் வகையாக இருந்திருந்தால் சதையையே அறுக்க வேண்டியிருக்கும். சதை முடியும் இடத்திலிருந்து 3 செ.மீ. கீழே தண்டை வெட்டுங்கள். பவளக் கத்தரி போதும். தண்டு தடித்திருந்தால் நீர் ஊற்றி அறுக்கும் ரம்பம் மேல், ஏனென்றால் கத்தரி அழுத்தத்தில் விரிசல் சதை வரை ஓடலாம். நலமான தலைகளை முதலில், சதை சுருங்கியவற்றை அடுத்து, கூழ் பிடித்ததைக் கடைசியில் வெட்டி ஒதுக்குங்கள். கூழ் பாதித் தலையைத் தின்றிருந்தால் அதைக் காப்பாற்ற முயலாமல் எறிந்துவிடுங்கள். ஒரு தலைக்காக ஆறைப் பணயம் வைக்க வேண்டாம்.

மீதித் தலைகளுக்கு அயோடின் முழுக்கு. தொட்டி நீரையே இரண்டு வாளிகளில் எடுங்கள். முதல் வாளியில் போவிடோன் அயோடினை வெளிர் தேநீர் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் முக்கி, அவ்வப்போது பீய்ச்சியால் மெல்ல அலசுங்கள். இரண்டாவது வாளி கழுவ. மருந்துக் கடையில் ‘ஸ்க்ரப்’ என்று எழுதிய புட்டியை வாங்கிவிடாதீர்கள். அதில் சோப்பு கலந்திருக்கும், பவளம் சாகும். இரண்டு வாளி நீரும் சாக்கடைக்குத்தான். வெட்டிய அடித்தண்டை ஜெல் பசையால் தட்டில் ஒட்டி, தொட்டியில் மிதமான ஓட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். வடிகட்டியில் புதிய செயலூட்டிய கரி (activated carbon) 100 கிராம் போடுங்கள். முழுத் தொட்டிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி போடச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவும் அதில் போகும்.

இனி நீர். உங்கள் அளவுகளிலேயே விடை இருக்கிறது. வாரத்தில் கே.ஹெச் 3.8 குறைகிறது என்றால் நாளுக்கு ஏறக்குறைய 0.55. 200 லிட்டரில் கே.ஹெச்சை ஒரு டிகிரி ஏற்றச் சமையல் சோடா 6 கிராம் பிடிக்கும். 23 கிராம் என்ற உங்கள் கணக்கு சரி. அதை ஒரே நாளில் கொட்டுவதுதான் தவறு. ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது. நீங்கள் நான்கு டிகிரி ஏற்றி, ஆறு நாள் இறங்க விட்டு, மறுபடி ஏற்றுகிறீர்கள். இன்று அளந்து பார்த்து, 8.5-க்கு வரும்வரை சோடாவை நிறுத்துங்கள். பிறகு தினமும் 3.3 கிராம், நன்னீரில் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் விடுங்கள். தலைகள் குறைந்ததால் செலவும் குறையும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே நேரத்தில் அளந்து சரிசெய்யுங்கள்.

கால்சியம் 380-க்கு இறங்கியதும் இதே செலவால்தான். கூடு கட்டும்போது கே.ஹெச் 3.8 போனால், கூடவே லிட்டருக்கு 27 மி.கி கால்சியமும் போகிறது. நீங்கள் ஒன்றை மட்டும் ஈடுகட்டுகிறீர்கள். கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் நாளுக்கு 3 கிராம் போதும். சோடா போட்ட நேரத்திலேயே போட்டால் இரண்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். ஒன்று காலை, மற்றது இரவு. தொட்டி நீரை மாற்றும்போது புதிய உப்புநீரின் கே.ஹெச்சையும் அளந்துவிடுங்கள். பல உப்புக் கலவைகள் 11-ஐத் தாண்டும்.

பாஸ்பேட் நீக்கியை இன்றே எடுத்துவிடுங்கள். பூஜ்ஜியம் என்பது சுத்தமல்ல, பட்டினி. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல், ஹாமருக்கு நெருங்கிய ஃபிராக்ஸ்பான் பவளத்தை வைத்து, பாஸ்பேட் பற்றாக்குறையால் பவளம் வெளுப்பதைக் காட்டினார்கள். மீன்களுக்குத் தீனியைக் கூட்டி, ஸ்கிம்மரை (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) இரவு மட்டும் ஓட்டுங்கள். லிட்டருக்கு நைட்ரேட் 5 முதல் 10 மி.கி, பாஸ்பேட் 0.05 மி.கி அளவில் நின்றால் போதும். மூன்று வாரம் எடுத்துக்கொண்டே ஏற்றுங்கள்.

நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை 26 டிகிரியில் வையுங்கள், நாளுக்கு அரை டிகிரி வீதம் இறக்கி. விளக்கைக் கால் பங்கு குறைத்து, இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். டார்ச்சை 15 செ.மீ. தள்ளி வையுங்கள். அது ஹாமரைக் கொட்டும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் இருப்பதால், உங்கள் ஆர்.ஓ. கருவியின் கரி வடிகட்டி குளோரமினுக்கானதா என்றும் பாருங்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

அடுத்த 48 மணி நேரம் காலையும் மாலையும் பாருங்கள். கூழ் மறுபடி தெரிந்தால் அந்தத் தலையை வெட்டி அதே முழுக்கைத் திரும்பச் செய்யுங்கள். வாய் மூடி, சதையின் ஓரம் கூட்டோடு இறுகப் படிந்துவிட்டால் தேறுகிறது என்று அர்த்தம். அதுவரை இறால் துண்டு எதுவும் ஊட்ட வேண்டாம், செரிக்காமல் அழுகும். கைகள் முழுதாக விரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். சதை சுருங்கிய தலை கடைசியில் செத்தாலும், கூழ் படாததாக இருந்தால் தண்டை உடனே எறியாதீர்கள். பக்கவாட்டில் கொஞ்சம் சதை மிஞ்சியிருந்தால் சில மாதங்களில் சின்ன மொட்டுகள் கிளம்புவதுண்டு.