முதல் ஐபோன் நிஜமாகவே எத்தனை விற்றது? கேள்வி பதில்

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் 22 வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறேன். 2007-இல் வந்த முதல் ஐபோனைப் பற்றிப் போன வாரம் பேசும்போது, “முதல் ரெண்டு நாள் கணக்கை வைத்தே அதைத் தோல்வி என்று எழுதினார்கள், அது தப்பு” என்று சொல்லியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஞாயிறு, கடை லீவு, உட்கார்ந்து பதில் சொல்கிறேன். இப்போது எந்தப் போன் வாங்கலாம் என்பதை மட்டும் இன்றைக்குக் கேட்காதீர்கள்.

லாஸ்பேட்டை: அண்ணே, முதல் ரெண்டு நாள் விற்பனை ஒரு இடத்துல 2,70,000ன்னு இருக்கு, இன்னொரு இடத்துல 1,46,000ன்னு இருக்கு. எது சரி?

ரெண்டுமே சரி தம்பி. எண்ணிய பொருள்தான் வேறு.

அமெரிக்காவில் விற்பனை தொடங்கியது 2007 ஜூன் 29, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு. ஆப்பிளின் காலாண்டுக் கணக்கு மறுநாள் ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. ஆக அந்தக் காலாண்டில் ஐபோனுக்குக் கிடைத்தது வெறும் 30 மணி நேரம். அதில் விற்றது 2,70,000. அங்கே ஐபோனுக்கு இணைப்புக் கொடுத்த ஒரே செல்போன் கம்பெனி ஏடி அண்ட் டி. அது சொன்ன 1,46,000 என்பது அதே நேரத்தில் அவர்களுடைய நெட்வொர்க்கில் ஆக்டிவேட் ஆன இணைப்புகள்.

நம் கடைகளில் சிம் போட்டு, ஒரு கால் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனைக் கையில் கொடுப்போம். அங்கே ஐபோனுக்கு அந்த வழக்கம் இல்லை. டப்பாவோடு வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் சாப்ட்வேர் போட்டு வாங்கியவரே ஆக்டிவேட் செய்துகொள்ள வேண்டும். முதல் வார இறுதியில் கூட்டம் தாங்காமல் அந்த ஏற்பாடு திணறியது. போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் பலர். பரிசு கொடுக்க வாங்கியவர்களும், கூடுதல் விலைக்கு விற்க வாங்கியவர்களும் டப்பாவைப் பிரிக்கவே இல்லை.

ஆனால் 1,46,000 என்ற எண்தான் முதலில் வெளியே வந்தது, ஜூலை 24 அன்று. ஆய்வாளர்களில் சிலர் 5 லட்சம், 7 லட்சம் என்றெல்லாம் எதிர்பார்ப்பை ஏற்றி வைத்திருந்தார்கள். அன்று ஒரே நாளில் ஆப்பிள் பங்கு சுமார் 6 சதவீதம் விழுந்தது. மறுநாள்தான் 2,70,000 என்ற கணக்கு வந்தது. ஒரு எண்ணைப் பார்த்தால் அது கடைக்குப் போனதா, கடையிலிருந்து போனதா, சிம் போட்டு ஓடியதா என்று கேளுங்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாகூர்: எங்க வீட்டுல பழைய ஐபோன் ஒண்ணு கெடக்கு. முதல் மாடல் லட்சக்கணக்குல போகுதாமே, உண்மையா?

உண்மைதான், ஆனால் பிரிக்காத டப்பாவுக்கு. 2023 பிப்ரவரியில் அமெரிக்க ஏலத்தில் சீல் உடையாத ஒன்று 63 ஆயிரம் டாலருக்கு மேல் போனது. அதே வருஷம் ஜூலையில் 4 ஜிபி மாடல் ஒன்று 1,90,000 டாலரைத் தாண்டியது. 4 ஜிபிக்கு அந்த மதிப்பு வரக் காரணம், அதை ரெண்டு மாசம் சொச்சத்தில் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

உங்களுடையது முதல் மாடல்தானா என்று முதலில் பாருங்கள். பின்பக்கம் அலுமினியம், அடியில் மட்டும் கறுப்புப் பட்டை, மாடல் எண் ஏ1203. பின்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் என்றால் அது பிறகு வந்த மாடல். எதுவானாலும் சார்ஜில் போட்டுப் பார்க்காதீர்கள். அத்தனை வருஷம் கிடந்த பேட்டரி உப்பியிருக்கும். முதல் மாடலில் பேட்டரி போர்டோடு சால்டர் வைத்தது, பழைய நோக்கியா மாதிரி மூடியைத் திறந்து கழற்ற முடியாது.

வில்லியனூர்: ஜியோ சிம் போட்டா வேலை செய்யுமா?

செய்யாது. அது 2ஜி போன், ஜியோவில் 2ஜி கிடையாது.

மஞ்சக்குப்பம், கடலூர்: நானும் செல்போன் கடைதான் வச்சிருக்கேன். 599 டாலர் போனை ரெண்டே மாசத்துல 399-ஆக்கினாங்க. நல்லா ஓடுற சரக்குக்கு எவனாவது 200 டாலர் குறைப்பானா? ஓடலை, அதான் குறைச்சாங்க. நீங்க அதை மறைக்கிறீங்க.

மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை சார். செப்டம்பர் 5 அன்று குறைத்தார்கள், விற்பனை தொடங்கி 69-ஆம் நாள். முதலில் வாங்கியவர்கள் கொதித்தார்கள். மறுநாளே ஆப்பிள் தலைவராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் மன்னிப்புக் கடிதம் எழுதி, ஆப்பிள் கடையில் பொருள் வாங்க 100 டாலர் வரவு கொடுத்தார். விலை குறைந்து நாலு நாளில், செப்டம்பர் 9-இல், 10 லட்சமாவது போன் விற்றது. 73 நாளில் 10 லட்சம். ஆப்பிளின் பாட்டு கேட்கும் கருவி ஐபாட் அந்த எண்ணைத் தொட ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஆனது. இதை ஓடாத சரக்கு என்று நான் எப்படிச் சொல்ல?

மஞ்சக்குப்பம்: அந்த 10 லட்சத்துல விலை குறைஞ்ச நாளும் சேர்ந்திருக்கே!

நியாயமான கேள்வி. அதனால் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஜூலை 1 முதல் செப்டம்பர் 9 வரை 71 நாளில் ஏறக்குறைய 7,30,000. நாளுக்கு 10 ஆயிரம் சொச்சம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாசத்துக்கும் ஆப்பிள் சொன்ன மொத்தம் 11,19,000. அந்தக் காலாண்டுக் கணக்கு செப்டம்பர் 29-உடன் முடிந்தது. அப்படியானால் கடைசி 20 நாளில் 3,89,000, அதாவது நாளுக்கு 19 ஆயிரத்துக்கு மேல். விலையைக் குறைத்ததால் வேகம் கூடியது, நீங்கள் சொல்வது அந்த அளவுக்குச் சரி. ஆனால் 600 டாலர் போன், அதற்கு மேல் ரெண்டு வருஷக் கட்டாய ஒப்பந்தம், ஒரே நாடு, ஒரே நெட்வொர்க். இத்தனைக்கும் நாளுக்கு 10 ஆயிரம் போனது. அதைத் தோல்வி என்றால் என் கடையில் நான் தினமும் தோற்கிறேன்.

பண்ருட்டி: இதுல சண்டை போட என்ன இருக்கு? எங்க ஊர்ல சீசன் தொடக்கத்துல வர்ற பலாப்பழம் என்ன விலை, ஒரு மாசம் கழிச்சு என்ன விலை? அதே கதைதான்.

பாதி ஒத்துப்போகும் ஐயா. முதல் பழத்துக்கு ஆசைப்படுகிறவர் விலை பார்க்க மாட்டார், அது இங்கேயும் நடந்தது. ஆனால் பலா விலை இறங்குவது மண்டியில் வரத்து கூடுவதால். இங்கே விலையை இறக்கியது கம்பெனியே, டிசம்பர் பண்டிகை வியாபாரத்தைக் குறிவைத்து. அது பலித்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 23,15,000 விற்றது.

கம்பெனிக்கு இன்னொரு வருமானமும் இருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் மாசாமாசம் கட்டும் பில்லில் ஏடி அண்ட் டி ஆப்பிளுக்கு ஒரு பங்கு கொடுத்தது. போனில் 200 போனாலும், ஆள் உள்ளே வந்தால் ரெண்டு வருஷத்துக்குக் காசு வரும்.

அரியாங்குப்பம்: அண்ணே, என்கிட்டயும் பழைய ஐபோன் ஒண்ணு...

பாகூருக்குச் சொன்னதுதான். சார்ஜில் போடாதீர்கள்.

மஞ்சக்குப்பம்: விலை திடீர்னு இறங்கினா சரக்கு வாங்கி வச்ச கடைக்காரன் கதி என்ன? அதைப் பத்தி யாரும் பேச மாட்டீங்க.

இந்த வலி எனக்கும் தெரியும். நேற்று வாங்கி வைத்த போன் இன்று காலை ஆயிரம் ரூபாய் குறைந்துவிட்டது என்று தெரியும்போது வயிறு எரியும். ஆனால் அமெரிக்காவில் அந்தப் போனை விற்றது ஆப்பிளின் சொந்தக் கடைகளும் ஏடி அண்ட் டி கடைகளும்தான். நம்மைப் போன்ற சின்னக் கடைக்காரர் கையில் ஒரு பீஸும் இல்லை. அடிபட்டது வாங்கிய ஜனம்.

நெல்லிக்குப்பம்: நான் பி.காம். படிக்கிறேன் அண்ணா. கம்பெனியே வச்ச இலக்கு என்ன? அதை எட்டினாங்களா?

இத்தனை சத்தத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறாய் அம்மா.

2007 ஜனவரி 9 அன்று போனை அறிமுகம் செய்தபோதே ஜாப்ஸ் சொன்னார்: 2008-இல் உலகச் சந்தையில் 1 சதவீதம், அதாவது 1 கோடி போன். அப்போது உலகம் முழுக்க வருஷத்துக்கு விற்றது சுமார் 100 கோடி. நோக்கியா மட்டும் 2007-இல் 43 கோடிக்கு மேல் விற்றது. மைக்ரோசாப்ட் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர், ஐபோனுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பங்கு கிடைக்க வாய்ப்பே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

2008 ஜனவரி–மார்ச்சில் 17,03,000. ஏப்ரல்–ஜூனில் 7,17,000தான், அடுத்த மாடல் வரப்போவதால் கையிருப்பைத் தீர்த்துவிட்டார்கள். முதல் மாடல் மொத்தம் 61 லட்சம் சொச்சத்தோடு நின்றது. ஜூலை 11-இல் 3ஜி மாடல் வந்தது, ஒப்பந்தத்தோடு 199 டாலர். ஜூலை–செப்டம்பர் ஒரே காலாண்டில் 68,92,000. முதல் மாடல் அதன் ஆயுள் முழுக்க விற்றதைவிட அது அதிகம். 1 கோடி இலக்கை வருஷம் முடியுமுன்பே தாண்டினார்கள்.

மஞ்சக்குப்பம்: பார்த்தீங்களா! முதல் மாடல் இலக்கைத் தொடலையே. விலை இறங்கின பிறகுதானே தொட்டுச்சு?

ஆமாம். இதில் உங்கள் பக்கம் வருகிறேன். ஜனம் அந்தப் போனை விரும்பியது, விலைதான் குறுக்கே நின்றது. விலையோடு 3ஜி, வெளியார் செயலிகளுக்கான ஆப் ஸ்டோர், இன்னும் பல நாடுகள் எல்லாம் அந்த ஜூலையில் சேர்ந்து வந்தன. அதையும் எடையில் வையுங்கள். இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நெய்வேலி: முதல் மாடல் இந்தியாவுல என்ன விலைக்கு வந்துச்சு?

வரவே இல்லை. இங்கே முதலில் வந்தது 3ஜி மாடல், 2008 ஆகஸ்ட் 22, ஏர்டெல்லிலும் வோடபோனிலும். 8 ஜிபி 31,000 ரூபாய், 16 ஜிபி 36,100. நாட்டில் அன்று 3ஜி சேவையே கிடையாது.

முத்தியால்பேட்டை: ஆனா 2008 தொடக்கத்துலயே இங்க சில பேர் கையில பார்த்தேனே?

பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்தேன். வேறு நெட்வொர்க் சிம் ஓடாதபடி கம்பெனி போட்ட லாக்கை உடைத்த போன்கள். சிம்மோடு ஒட்டி வைக்கும் மெல்லிய சில்லு ஒன்று வந்தது, அதை வைத்து ஓட்டினார்கள். பிறகு சாப்ட்வேர் வழியே வந்துவிட்டது. விற்ற 14 லட்சத்தில் சுமார் 2,50,000 போன் லாக் உடைப்பதற்காகவே வாங்கப்பட்டது என்பது 2007 அக்டோபரில் ஆப்பிளே சொன்ன மதிப்பீடு. பில் பங்கு போகிறதே என்று, ஒருவருக்கு ரெண்டுதான், ரொக்கம் வாங்க மாட்டோம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அதற்கு முந்தின மாசம் வந்த 1.1.1 சாப்ட்வேர் அப்டேட்டைப் போட்ட லாக் உடைத்த போன்கள் பல டெட் ஆயின.

நம் ஊருக்கு இன்னொரு வழியும் இருந்தது, பிரான்ஸ். ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கு என்று கட்டாயப்படுத்த அந்த நாட்டுச் சட்டம் விடாது. அதனால் 2007 நவம்பர் கடைசியில் ஆரஞ்சு என்ற செல்போன் கம்பெனி அங்கே விற்பனை தொடங்கியபோது, ஒப்பந்தத்தோடு 399 யூரோ, ஒப்பந்தமே இல்லாமல் 649 யூரோ என்று வைத்தார்கள். லாக் எடுக்கத் தனியாக 100. சட்டப்படி லாக் எடுத்த முதல் ஐபோன் என் மேஜைக்கு வந்தது அந்த வழியில்தான், ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீட்டுப் பிள்ளை கொண்டுவந்தார்.

திருப்பாதிரிப்புலியூர்: பழைய ஐபோன் இருக்கு, என்ன விலை...

டப்பா பிரித்ததா? பிரித்ததென்றால் மேலே படியுங்கள்.

குருசுக்குப்பம்: விலை கேட்கலை அண்ணே. எங்க தாத்தா 2007 டிசம்பர்ல பாரீஸ்ல வாங்கினது. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. உள்ள அவர் எடுத்த படமெல்லாம் இருக்கு. எடுக்க முடியுமா?

கண்ணாடி தூக்கியிருக்கிறது என்றால் பேட்டரி உப்பிவிட்டது. அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள், வெயில் படாத இடத்தில் தனியாக வையுங்கள். படங்கள் போர்டில்தான் இருக்கும், பேட்டரியில் இல்லை. பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு வேறு போட்டு எழுப்பிப் பார்க்கலாம். பலமுறை எழுந்திருக்கிறது, சில முறை எழவில்லை. தாத்தா பூட்டு எண் போட்டிருந்தால் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு மேல் கடையில் இருப்பேன். சார்ஜர் எடுத்துவர வேண்டாம்.