பெரிய கன்சல்டிங் கம்பெனியில் ஆஃபர்: கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி

கேள்வி (தண்டையார்பேட்டை): அண்ணா, பி.காம் முடிச்சிருக்கேன். பிக் ஃபோர்ல ஒரு கம்பெனி ஆஃபர் குடுத்திருக்கு. கண்ணை மூடிக்கிட்டு சேர்ந்துடலாமா?

பதில்: ஆஃபர் லெட்டரில் கம்பெனியின் முழுப்பெயரை முதல்ல படிங்க தம்பி. பிக் ஃபோர்னா டெலாய்ட், பிடபிள்யூசி, இ.ஒய், கேபிஎம்ஜி என்ற நாலு பெரிய ஆடிட்டிங், கன்சல்டிங் கம்பெனிகள். ஒவ்வொன்றும் ஒரே பெயரில் நடக்கும் பல தனித்தனி நிறுவனங்கள். ஒன்று இந்திய கிளையண்டுக்கு நேரடியாக வேலை செய்யும்; இன்னொன்று அமெரிக்க டீமுக்குப் பின்னணி வேலை பார்க்கும். லோகோ ஒன்றுதான், ஆனால் ஷிஃப்ட், சம்பளம், கத்துக்கிற விஷயம் எல்லாமே மாறும். முதலாவதில் கிளையண்டோடு உட்கார்ந்து பேசப் பழகலாம், அலைச்சலும் உண்டு. இரண்டாவதில் பெரிய வேலையின் ஒரு துண்டை மட்டும் மாசக்கணக்கில் செய்யும்படி ஆகலாம். எந்த டீம், இப்போ என்ன ப்ராஜெக்ட் ஓடுதுன்னு எச்.ஆரிடம் மெயிலிலேயே கேளுங்க.

கேள்வி (பெரம்பூர்): சி.டி.சி. 8 லட்சம். கைக்கு எவ்வளவு வரும்?

பதில்: சி.டி.சி.ன்னா உங்களுக்காக கம்பெனி வருஷத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, எல்லாம் கைக்கு வராது. அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 4 லட்சம், வேரியபிள் 10 சதவீதம்னு வைங்க. வேரியபிள் 80,000 ரூபாய், உங்க வேலைக்கு கம்பெனி போடும் ரேட்டிங்கைப் பொறுத்தது. மாச பட்ஜெட்டில் சேர்க்காதீங்க. கம்பெனி பங்கு பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், 48,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், 19,240. மிச்சம் 6,52,760, அதாவது மாசம் 54,400 கிட்ட. உங்க பங்கு பி.எஃப். 4,000 போனால் கையில் சுமார் 50,000.

கேள்வி (காசிமேடு): சார், என் பொண்ணுக்கு அமெரிக்க டீம்ல வேலை. ராத்திரி ரொம்ப லேட்டாகுமா?

பதில்: ஆகும்மா. நியூயார்க்கில் காலை 10 மணி மீட்டிங்னா நமக்குக் கோடையில் இரவு 7.30, நவம்பரில் அவங்க கடிகாரத்தை மாத்தினதும் 8.30. கிண்டி ஆபீஸ்னா தண்டையார்பேட்டை வரை ஒரே மெட்ரோ. தரமணின்னா பகலில் பீச்சிலிருந்து பறக்கும் ரயில், ராத்திரிக்கு கேப்தான். கேப் வாசல் வரை வருமா, மெயின் ரோட்டிலேயே இறக்கிடுமான்னு எழுத்தில் வாங்கச் சொல்லுங்க.

கேள்வி (வியாசர்பாடி): பெஞ்சுல உட்கார வெச்சா வேலை போயிடுமா?

பதில்: பெஞ்சுன்னா ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கிறது. சில வாரம் பெஞ்ச் சகஜம், மாசக்கணக்கில் நீண்டால்தான் ஆபத்து. கம்பெனி பார்ப்பது யூட்டிலைசேஷனை, அதாவது உங்க நேரத்தில் எவ்வளவுக்கு கிளையண்டிடம் காசு வாங்க முடியுதுன்னு: வாரம் 40 மணி நேரத்தில் 32 மணி நேரம் கிளையண்டுக்கு பில் ஆனால் 80 சதவீதம். புதுசா வர்றவங்க மாட்டிக்கிறது இதில்தான். "இந்த ப்ரொபோசலைக் கொஞ்சம் முடிச்சுக் குடுப்பா" என்பார் மேனேஜர். ப்ரொபோசல்னா புது வேலை பிடிக்க கிளையண்டுக்கு எழுதிக் குடுக்கும் திட்டம். ராத்திரி பகலா செஞ்சாலும் அது பில் ஆகாத நேரம், ரேட்டிங் பேசும்போது அந்த உழைப்பு கணக்கில் தெரியாது. வேலையைத் தொடும் முன்பே சார்ஜ் கோடு, அதாவது அந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதணும்ங்கிற எண்ணைக் கேளுங்க. டைம்ஷீட்டில் உழைத்த நேரத்தைக் குறைச்சும் போடாதீங்க. குறைச்சால் அடுத்த ப்ராஜெக்ட்டுக்கும் அதே குறைந்த நேரத்தைத்தான் ஒதுக்குவாங்க, பாரம் உங்க தலையில்தான் விழும். ஓடுற ப்ராஜெக்ட் முடிய மூணு வாரம் இருக்கும்போதே மத்த மேனேஜர்களிடம் பேசி வைங்க.

கேள்வி (திருவொற்றியூர்): எத்தனை வருஷம் இருக்கலாம்ணா?

பதில்: என் கணிப்பில் ரெண்டு முதல் நாலு. எக்ஸெல் மாடல், ஸ்லைடு, கிளையண்ட் முன்னாடி தடுமாறாமல் பேசுவது எல்லாம் அதற்குள் கைவந்துடும். மேலே போகப்போகப் புது வேலை பிடித்துத் தரும் பொறுப்பு கூடும். அது எல்லாருக்கும் ஒத்துவராது. கிளம்பும்போது நோட்டீஸ்தான் (விலகுறேன்னு சொன்ன பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம்) இடிக்கும்: பல இடங்களில் 90 நாள், அடுத்த கம்பெனியோ 30 நாளில் வரச் சொல்லும். பணம் கட்டி முன்னாடியே விலகலாமா, ஜாய்னிங் போனஸைத் திருப்பித் தரணுமான்னு சேரும் முன்பே பார்த்துடுங்க.