கூட அழுதா போதுமா?

வணக்கம் மேடம்,

‘மிட்சோமார்’ படம் போன வாரம்தான் பாத்தேன். கடைசில டேனி சிரிச்சப்ப நானும் சிரிச்சேன், மனசு லேசாச்சு. எங்க அம்மா போய் ரெண்டு வருஷம் ஆகுது. அப்ப கூட இருந்தவன் ஒரே மாசத்துல ‘இன்னும் எவ்ளோ நாளைக்கு இப்டியே இருப்ப’ன்னு கேட்டான். இப்ப பிரிஞ்சிட்டோம். கிறிஸ்டியன் எரிஞ்சப்ப இவன்தான் ஞாபகம் வந்தான், பாவமே வரல, தேவைதான்னு தோணுச்சு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அது ஹேப்பி எண்டிங் இல்ல, நீ தப்பா புரிஞ்சுக்கிட்டன்னு சொல்றாங்க. அந்த சிரிப்புக்கு என்னதான் அர்த்தம்? டைரக்டர்ஸ் கட் பாக்கலாமா? பேர் போட வேண்டாம்.

அன்புள்ள பொண்ணுக்கு,

உன் கடிதத்த படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. போன மாசம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். ஃப்ரீசர் பாக்ஸ சுத்தி பிளாஸ்டிக் சேர் போட்டு எல்லாரும் போன பாத்துட்டு உக்காந்திருந்தாங்க, செத்தவரோட பொண்ணு மட்டும் வாய்விட்டு அழுதா, உடனே ரெண்டு பேர் வந்து ‘கன்ட்ரோல் பண்ணிக்கோம்மா’ன்னு உள் ரூமுக்கு கூட்டிட்டுப் போயிட்டாங்க. அன்னைல இருந்து இதே நினைப்பாத்தான் இருக்கேன்.

படம் பாக்காதவங்களுக்கு சுருக்கமா: 2019ல அரி ஆஸ்டர் எடுத்த படம். டேனிங்கிற அமெரிக்கப் பொண்ணோட கூடப்பிறந்தவ, கார் புகைய குழாய் வழியா வீட்டுக்குள்ள விட்டு அப்பா அம்மாவையும் கொன்னு தானும் செத்துப்போறா. டேனியோட லவ்வர் கிறிஸ்டியன் ஏற்கனவே பிரேக்கப் பண்ண யோசிச்சுட்டு இருந்தவன், இந்த நேரத்துல எப்படி விட்டுட்டுப் போறதுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கான். பெல்லேங்கிற ஃப்ரெண்ட் கூப்பிட்டான்னு எல்லாரும் ஸ்வீடன்ல அவன் ஊரு ஹோர்காவுக்கு திருவிழா பாக்கப் போறாங்க. அங்க ஒன்பது உயிர் பலி குடுக்கணும். எட்டு பேர் யாருன்னு முடிவாயிடுச்சு, ஒன்பதாவது கிறிஸ்டியனா இல்ல ஊர்க்காரன் ஒருத்தனான்னு மே குயீனா, அதாவது திருவிழா ராணியா ஆன டேனி முடிவு பண்ணணும். அவ கிறிஸ்டியன கைகாட்டுறா. கரடித் தோலுக்குள்ள அவன வச்சு, மஞ்சள் மரக் கோயிலோட சேத்து எரிச்சிடறாங்க. உடம்பு பூரா பூவ சுமந்துக்கிட்டு நடக்கக்கூட முடியாம தடுமாறி, குமுறிக் குமுறி அழுது, கடைசில டேனி மெதுவா சிரிக்கிறா.

முதல்ல திட்டிடறேன். ‘தேவைதான்’னு எப்படிம்மா எழுதுன? அவன் பண்ணுனது என்ன? பொறந்தநாள மறந்தான், பெல்லே ஞாபகப்படுத்தின பிறகு ஒரு துண்டு கேக்க கொண்டுவந்து, பத்தவே மாட்டேங்கிற மெழுகுவர்த்திய திரும்பத் திரும்ப உரசிக்கிட்டு நின்னான். கூட வந்த ஜோஷோட ஆராய்ச்சித் தலைப்ப எடுத்துக்கிட்டான். சுயநலம் புடிச்சவன், சரி. ஆனா ஹோர்காப் பொண்ணு ஒருத்திகூட படுக்க வச்சாங்களே, அது அவனுக்கு போதை குடுத்து, சுத்தி ஊர்ப் பொம்பளைங்கள நிக்க வச்சு நடந்தது. எரியும்போது கைகால் அசையாது, கத்தக்கூட வாய் வராது. இதே ஒரு பொண்ணுக்கு நடந்திருந்தா தேவைதான்னு எழுதியிருப்பியா? உன்ன விட்டுட்டுப் போனவன் மேல கோவம் இருக்கட்டும், அந்தக் கோவம் நியாயம்தான், அத இந்தப் படத்துல கொண்டுவந்து கொட்டாத.

ஃப்ரெண்ட்ஸ் சொன்னத விடு, ஹேப்பியா சோகமான்னு ஓட்டுப் போடுற விஷயமில்ல இது. டைரக்டரே பிரேக்கப் படம்னு சொல்லிட்டாருன்னு முக்காவாசிப் பேர் அங்கயே நின்னுடறாங்க. நான் சொல்றது அந்த அழுகைய. ஹோர்காக்காரங்க அடுத்தவன் சத்தத்த அப்படியே வாங்கி தாங்களும் எழுப்புறத திரும்ப பாரு. வயசானவங்க மலை உச்சில இருந்து குதிக்கிற சீன்ல, கிழவர் சாகாம கால் நொறுங்கிக் கெடக்கிறாரு, கீழ நிக்கிற ஊரே அவர் வலிய தன் வலியா முனகுது. முனகிட்டே இருக்கும்போதே ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பெரிய சுத்தியல தூக்கி அவர் தலையில போடறாங்க! கிறிஸ்டியன் அந்தப் பொண்ணுகூட இருக்கிறப்பவும் சுத்தி நிக்கிறவங்க அவ முனகலயே முனகுறாங்க. அத சாவித் துவாரம் வழியா பாத்துட்டு டேனி உடைஞ்சு விழறா, பொண்ணுங்க எல்லாம் தரையில அவள சுத்தி உக்காந்து, மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வச்சு, அவ மூச்ச இழுத்தா இவங்களும் இழுத்து, அவ அலறினா இவங்களும் அலறி... உனக்கு கண்ணு கலங்கியிருக்கும், எனக்கும் கலங்குச்சு. படத்தோட ஆரம்பத்துல அவ கிறிஸ்டியன் மடியில கெடந்து கத்துனப்ப, அவன் கை முதுகுல இருந்துச்சு, மனசு வேற எங்கயோ இருந்துச்சு.

அடுத்து நெருப்பு. உல்ஃப்னு ஒரு பையன், ஊர்க்காரன், தானா முன்வந்து சாகறவன். யூங்கிற ஒரு மரத்துல இருந்து எடுத்ததுன்னு நாக்குல எதையோ தடவி, உனக்கு வலிக்காதுன்னு சொல்லித்தான் உக்கார வைக்கிறாங்க. தீ உடம்புல ஏறுனதும் அவன் அலறுறான். அது பொய்னு அந்த நொடியில அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. வெளிய ஊரே அவனோட சேந்து மாரடிச்சு அலறுது. ஒருத்தர்கூட கதவத் தொறக்கல. டேனிய சுத்தி உக்காந்து அழுத அதே ஜனம், அதே அழுகை.

நம்ம ஒப்பாரியும் இப்படித்தானேன்னு யாராவது உடனே சொல்லுவாங்க, நானே கேட்டிருக்கேன். இல்ல. எங்க அத்தை செத்தப்ப எங்கம்மா கூடத்துல நாலு பொம்பளைங்களோட தோள் மேல கை போட்டு வட்டமா உக்காந்து பாடி அழுதாங்க, நான் தூணோட ஒட்டிக்கிட்டு நின்னேன். பாட்டோட பாட்டா, காய்ச்சல் அடிச்சு எத்தன நாள் கெடந்தா, வண்டி கட்ட ஆள் இல்லையா, ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லையான்னு ஒவ்வொன்னா ராகம் போட்டு கேட்டாங்க. மாமா வாசப் பந்தல்ல பெஞ்சுல உக்காந்திருந்தாரு, துண்ட வாயில வச்சு அழுத்திக்கிட்டு தலையே தூக்கல. வேற நேரமா இருந்தா எங்கம்மா அவர் முன்னாடி உக்காரக்கூட மாட்டாங்க. அன்னைக்கு யாரும் ஒரு வார்த்தை தடுக்கல, ஒப்பாரில கேக்குறத தடுக்கற வழக்கம் எங்க ஊர்ல கெடையாது. பக்கத்துல அழுத பொம்பளைங்க அத்தைய முன்ன பின்ன பாத்ததில்ல, அவங்கவங்க வீட்டுல செத்தவங்கள சொல்லி அழுதாங்க, புருஷன, புள்ளைய, பேர் சொல்லி. அத்தன துக்கம் ஒரே வட்டத்துல இருந்தும் யாரோடதும் கரைஞ்சு போகல. ராத்திரி அதே பொம்பளைங்கதான் எங்கம்மா வாயில கஞ்சி ஊத்தி படுக்க வச்சுட்டுப் போனாங்க.

டேனிகிட்ட அந்தப் பொம்பளைங்க யாராவது என்னாச்சுன்னு கேட்டாங்களா? அவ கூடப்பிறந்தவ பேர் டெர்ரி, அந்த ஊர்ல அந்தப் பேருக்கு வேலையே இல்ல. பெல்லே நல்லா பேசறான், என் அப்பா அம்மாவும் தீயில போனவங்கதான், ஊருதான் என்ன வளத்துச்சுங்கிறான், ஆனா அவளுக்கு யாரும் இல்லன்னு நல்லா தெரிஞ்சேதான் கூட்டிட்டு வர்றான், கடைசில ஊரே அதுக்காக அவன பாராட்டுது. பூவோட ஊர்வலம் போறப்ப பின்னாடி மரக்கூட்டத்துல டெர்ரி முகம் அந்தக் குழாயோட தெரியும், உத்துப் பாத்தாத்தான் தெரியும். டேனி அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

அதனாலதான் அந்த சிரிப்ப பழிவாங்கின சிரிப்பா என்னால எடுத்துக்க முடியல. தனியா தூக்கி தூக்கி கை அசந்துபோனவ, இனிமே இத நாங்க வச்சுக்கறோம்னு ஒரு ஊரே சொன்னதும் கீழ எறக்கி வைக்கிறா, அந்த நிம்மதி அது. நிஜமான நிம்மதிதான். ஆனா எறக்கி வச்சதுல அவ அம்மா இருக்காங்க, டெர்ரி இருக்கா, இனிமே இவங்களப் பத்தி அவகிட்ட யாரும் கேக்கப் போறதில்ல.

நீ அதப் பாத்து சிரிச்சது தப்பே இல்லம்மா. ரெண்டு வருஷமா அழ இடம் இல்லாத புள்ளைக்கு அந்த நிம்மதி ஒட்டிக்கத்தான் செய்யும். உன் மேல எனக்கு கோவம் ஒரே ஒரு விஷயத்துல, இந்தக் கடிதத்துல அம்மா பத்தி ஒரே ஒரு வரி, அந்தப் பையனப் பத்தி மூணு வரி. இது என்ன கணக்கு?

டைரக்டர்ஸ் கட் தாராளமா பாரு, 171 நிமிஷம். அதுல ஏரிக்கரைல ராத்திரி ஒரு சீன் இருக்கு, ஒரு சின்னப் பையன பலி குடுக்கப் போய் கடைசி நேரத்துல நிறுத்திடறாங்க. அதப் பாத்துட்டு டேனி இங்கிருந்து போயிடலாம்னு கிறிஸ்டியன்கிட்ட மன்றாடுறா, பெரிய சண்டை. தியேட்டர்ல வந்ததுல அது இல்ல. போகணும்னு கேட்டவ எப்படி தங்குனான்னு பாத்துட்டு எனக்கு எழுது, அம்மா பத்தியும் சேத்து எழுது.