ராஸ்பெரி பை 4 என்ற சின்ன கணினியில், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை ஓட்டுகிறேன், எஸ்டி கார்டு அடிக்கடி போய்விடுகிறது. மினி பிசி வாங்குவதுதான் ஒரே வழியா?

இல்லை. வாங்கினால் நல்லதுதான், ஆனால் இப்போது உங்கள் கார்டைத் தின்கிற அதே காரணங்கள் மினி பிசிக்கும் கூடவே வரும். அவற்றை முதலில் பார்த்துவிடலாம்.

நானும் 2 ஜிபி பை 4-இல் தொடங்கியவன்தான். 2020 ஊரடங்கில், பாளையங்கோட்டை வீட்டில், பொழுது போகாமல் ஆரம்பித்தது. அதற்கப்புறம் இரண்டு கார்டு, ஒரு போன் சார்ஜர், ஒரு எஸ்எஸ்டி அடாப்டர், அம்மாவின் பொறுமை என்று வரிசையாகப் போயிருக்கின்றன. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கார்டு ஏன் போகிறது என்பது எனக்குப் புரிந்ததே கணக்குப் புத்தகமாக யோசித்தபோதுதான்.

ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள் ரெக்கார்டர் என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் எந்த சென்சாரின் மதிப்பு மாறினாலும் நாள்வழியில் ஒரு வரி போடுவது அதன் வேலை. அந்த நாள்வழி, எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வகைக் கோப்பு. நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் 5 விநாடிக்கு ஒருமுறை கார்டில் எழுதும், 10 நாள் வைத்திருந்து பழையதை அழிக்கும். அழிப்பதும் கார்டுக்கு எழுத்து வேலைதான். நான் ஃப்ரிட்ஜுக்கு, மின்சாரம் அளக்கிற ஸ்மார்ட் பிளக் ஒன்று மாட்டியிருந்தேன். வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிற மாதிரி பெருமையாக அமைத்திருந்தேன். எங்கள் தெருவில் வோல்டேஜ் ஓரிடத்தில் நிற்காது, 228.1, 228.4, 227.9 என்று ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 86,400 விநாடி, மூன்றால் பெருக்கினால் 2,59,200. ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, தினமும் இரண்டரை லட்சம் வரி வரை! எங்கள் கடையில் ஒரு வருடத்துக்கே அவ்வளவு வரி வராது.

எஸ்டி கார்டு இதற்காகச் செய்யப்பட்டது அல்ல. அதற்குள் இருக்கிற ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு வரியை மட்டும் அழித்துத் திருத்த முடியாது, பெரிய பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும். நீங்கள் நாலு எழுத்து மாற்றினால், உள்ளே ஒரு தொகுதியையே வேறிடத்துக்கு நகல் எடுத்துவிட்டுப் பழையதைத் துடைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தொகுதியையும் இத்தனை முறைதான் துடைக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த நகல் வேலை நடக்கும் நேரத்தில் கரண்ட் போனால், எது எங்கே இருக்கிறது என்று கார்டு வைத்திருக்கும் அட்டவணையே குழம்பிவிடலாம். அப்போது, நீங்கள் தொடவே தொடாத கோப்புகளும் சேர்ந்து காணாமல் போகும். என் இரண்டாவது கார்டு அப்படித்தான் போனது. தேய்ந்து சாகவில்லை, கரண்ட் போய் வந்த ஒரு நாளில் செத்தது.

அதனால் முதலில் எழுத்தைக் குறையுங்கள். ரெக்கார்டர் அமைப்பில், தேவையில்லாத சென்சார்களை விலக்கும் வசதி இருக்கிறது. வோல்ட், ஆம்பியர், வைஃபை சிக்னல் வலிமை, இத்தனை நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் சென்சார் எல்லாவற்றையும் விலக்கிவிட்டேன். யூனிட் கணக்கை மட்டும் விட்டுவைத்தேன், ஏனென்றால் ரெக்கார்டரிலிருந்து விலக்கிய சென்சாருக்கு நீண்டகாலப் புள்ளிவிவரமும் சேராது. அடுத்து, 5 விநாடி என்பதை 60 ஆக்கினேன். கரண்ட் போனால் கடைசி ஒரு நிமிடப் பதிவு போகும். போகட்டுமே. பிளக்கையே அமைதியாக இருக்கச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. டாஸ்மோட்டா என்ற மென்பொருள் போட்ட பிளக், நாம் கை வைக்காதவரை, அளவுகளை 300 விநாடிக்கு ஒருமுறைதான் அனுப்பும். அதை அவசரப்படுத்தியது என் குற்றம்.

அடுத்து மின்சாரம். கேள்வியில் எந்த சார்ஜர் என்று நீங்கள் சொல்லவில்லை. போன் சார்ஜர் என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். 5-க்குப் பதில் 5.1 என்று வைத்திருப்பதே, வயரில் கொஞ்சம் வோல்ட் இறங்கும் என்பதால்தான். நான் மெல்லிய கேபிளோடு பழைய போன் சார்ஜரை மாட்டியிருந்தேன். வோல்டேஜ் 4.63-க்குக் கீழே போனால் பை அதைக் குறித்துக்கொள்ளும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஹோம் அசிஸ்டன்ட்டில் ராஸ்பெரி பை பவர் சப்ளை செக்கர் என்று ஒரு சென்சார் இருக்கிறது. அதில் 'பிரச்சினை' என்று ஐந்து மாதமாகக் காட்டிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் அது என்னவென்று தெரியவில்லை. போய்ப் பாருங்கள், உங்களுக்கும் காட்டிக்கொண்டிருக்கலாம்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுகிற இடைவெளி கூடுதல். ஃபேனுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். மாதாந்திர ஷட்டவுன் அன்றைக்கு பேட்டரி பழசாக இருந்தால் மதியத்துக்குள் அதுவும் படுத்துவிடும். அப்புறம் கரண்ட் வரும்போது வேறொரு கூத்து. பை 4-க்குள் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. பை 5-இல் கடிகாரம் இருக்கிறது, பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். ரவுட்டர் எழுந்து இணையத்தைப் பிடித்து நேரம் சொல்லும்வரை பை 4 பழைய நேரத்திலேயே நின்றுகொண்டிருக்கும். இதற்கு நான் செய்தது, ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கிப் போட்டது மட்டும்தான். இந்தப் பொழுதுபோக்கில் வீட்டில் எல்லோரும் பாராட்டிய ஒரே செலவு அது.

சரி, இனி மோட்டார் கதை. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கார்டு போவதைவிட இதுதான் முக்கியம்.

கீழே சம்ப், மாடியில் டேங்க், நடுவில் 1 ஹெச்பி மோட்டார். டேங்க்கில் லெவல் சென்சார் வைத்து, நிறைந்ததும் ஹோம் அசிஸ்டன்ட் மோட்டாரை நிறுத்துகிற மாதிரி ஆட்டோமேஷன் எழுதியிருந்தேன். ரிலே என்ற சின்ன மின் ஸ்விட்சை, இஎஸ்பி32 என்ற குட்டி வைஃபை போர்டு இயக்கும், அந்த ரிலே, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய ஸ்விட்சான கன்ட்டாக்டரை இழுக்கும். ஆறு மாதம் அழகாக ஓடியது. ஒருநாள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் கார்டு செத்தது. நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை. டேங்க் வழிந்து, மாடியிலிருந்து தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த வற்றல்மேல் விழுந்தது. நான் கடையில் இருந்தேன். அம்மா போனில், “எய்யா, உன் பெட்டி செத்துப்போச்சு போல, இந்த மோட்டார எப்படி நிறுத்த?” என்றார். கையால் நிறுத்த ஒரு ஸ்விட்ச்கூட நான் வைத்திருக்கவில்லை. மெயினை அணைக்கச் சொன்னேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன், மோட்டாரை நிறுத்துகிற வேலை நடுவில் இருக்கும் கணினிக்கு இருக்கக்கூடாது. லெவல் சென்சாரை அதே இஎஸ்பி32-க்கு நேரடியாக இழுத்து, நிறைந்தால் நிறுத்து, 40 நிமிடத்துக்கு மேல் ஓடினாலும் நிறுத்து என்று இஎஸ்பிஹோம் என்ற மென்பொருள் வழியாக அதற்குள்ளேயே எழுதினேன். சுவரில் ஒரு புஷ் பட்டனும் வைத்தேன். ஹோம் அசிஸ்டன்ட் இனி வேடிக்கை பார்க்கும், வேண்டும்போது போடச் சொல்லும், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து இரண்டாவது கார்டு போனது. இந்த முறை நிம்மதியாக இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா, “பட்டனை அமுக்குனா ஓடுது, அப்புறம் தன்னால நின்னுருது. மூணு தடவை போட்டாச்சு, டேங்க் பாதிதான் ஏறியிருக்கு” என்கிறார். மோட்டார் சூடாகி ட்ரிப் ஆகிறதோ என்று எலெக்ட்ரீஷியனையே கூப்பிட்டுவிட்டேன். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கடைசியில், கையில் கடிகாரத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஹோம் அசிஸ்டன்ட் 15 நிமிடம் தொடர்பில் இல்லை என்றால், தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று இஎஸ்பிஹோம் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. ரீபூட் ஆனால் ரிலே அணைந்துவிடும், மோட்டார் நின்றுவிடும். இஎஸ்பிஹோம் அமைப்பில், ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசுவதற்கான ஏபிஐ பகுதியில் ரீபூட் டைம்அவுட் என்பதை 0 விநாடி ஆக்கினால் இது நிற்கும். வைஃபை பகுதியிலும் இதே மாதிரி 15 நிமிடம் ஒன்று உண்டு, ரவுட்டர் போனால் அது வேலையைக் காட்டும். இரண்டையும் மாற்றுங்கள். மோட்டார், கீசர், கேட் போல ஆபத்துள்ள எதையாவது இஎஸ்பியில் மாட்டியிருக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே.

நீங்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விடுங்கள். மத்தியானம் வரை யாரும் போன் செய்யவில்லை என்றால் உங்கள் அமைப்பு சரியாக இருக்கிறது. எனக்கு முதல் முறை பதினொரு நிமிடத்தில் போன் வந்தது. காரணம் வாசல் விளக்கு.

இனி, கார்டுக்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்துக்கு வருகிறேன். பை 4 யூஎஸ்பி வழியாகவே பூட் ஆகும் என்பதால் கார்டே இல்லாமல் எஸ்எஸ்டியில் ஓட்டலாம். அல்லது கார்டில் பூட் செய்துவிட்டு, தரவை மட்டும் எஸ்எஸ்டிக்கு நகர்த்தும் வசதி ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்ஸில் இருக்கிறது. 128 ஜிபி தாராளம். சிக்கல், எஸ்எஸ்டியை யூஎஸ்பி துளையில் மாட்ட நடுவில் வரும் சாட்டா அடாப்டரில்தான். சில அடாப்டர் சிப்புகள் பையோடு ஒத்துப்போகாமல் திடீரென்று உறைந்துவிடும். நான் வாங்கிய முதல் அடாப்டர் அந்த ரகம், மாற்றியதும் சரியாகிவிட்டது.

அது சரியானதும் கதவு சென்சார்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. எல்லாம் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் பேசும் சென்சார்கள். பேட்டரி மாற்றினேன், மறுபடி இணைத்தேன், சானல் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. காரணம் அந்த எஸ்எஸ்டிதான். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் இதைப் பற்றி 2012-லேயே ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. ஜிக்பீயும் அதே 2.4-இல்தான் பேசுகிறது. அந்த சென்சார்களோடு பேச பையில் செருகிய என் ஜிக்பீ டாங்கிள், எஸ்எஸ்டிக்குப் பக்கத்துத் துளையில், தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றது. ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, டாங்கிளை யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றித் தள்ளி வைத்தேன். அன்று ராத்திரியே எல்லா சென்சாரும் திரும்பி வந்துவிட்டன. மினி பிசி வாங்கினாலும் இந்த வயரை மறக்காதீர்கள்.

பேக்கப் பற்றி ஒரு வார்த்தை. முதல் கார்டு போனபோது என்னிடம் தினசரி பேக்கப் இருந்தது. அதே கார்டில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. இப்போது கூகுள் டிரைவுக்குத் தானாகப் போகிறது. புதிய பதிப்புகளில் நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் பேக்கப்பைப் பூட்டித்தான் வைக்கும், அதைத் திறக்கும் குறியீட்டைத் தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் பேக்கப் இருந்தும் பயனில்லை.

இனி மினி பிசி. நான் இப்போது ஓட்டுவது தின் கிளையன்ட் என்ற, அலுவலகங்களில் வைக்கும் சின்ன கணினி, பழையது ஒன்று, சென்னை ரிச்சி தெருவில் 4,500 ரூபாய்க்கு வாங்கியது. ஃபேன் இல்லை, சத்தம் இல்லை, 8 வாட் இழுக்கிறது. இரண்டு மாத பில்லுக்கு அது 11.5 யூனிட். பை 6 வாட் என்று வைத்தால் 8.6 யூனிட், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 50 வாட் இழுத்தால் 72 யூனிட். தமிழ்நாட்டில் நமக்கு இலவசமாக வரும் யூனிட்டில் நல்ல பங்கை அதுவே சாப்பிட்டுவிடும்.

தின் கிளையன்ட்டோ மினி பிசியோ, பயாஸ் என்ற ஆரம்ப அமைப்புத் திரைக்குள் போய், கரண்ட் வந்ததும் தானாக எழுந்திருக்கும் அமைப்பை முதலில் போடுங்கள். பல பெட்டிகளில் அது அணைந்தே இருக்கும். அதோடு உள்ளே இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பழைய பெட்டிகளில் அது செத்திருக்கும், கரண்ட் போனதும் நீங்கள் போட்ட அமைப்பை அது மறந்துவிடும். இதனால் ஒரு வாரம் தினமும் அம்மா பட்டன் அமுக்கிப் பெட்டியை எழுப்பினார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கேமரா, குரல் கட்டளை மாதிரி கனமான எதுவும் ஓட்டவில்லை என்றால் உங்களுடையது 2 ஜிபி பை 4 என்றாலும் போதும். இஎஸ்பிஹோம் கம்பைல் செய்வதை, அதாவது இஎஸ்பி32-க்கான நிரலைத் தயாரிப்பதை மட்டும் லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள், பையில் செய்தால் மூச்சு வாங்கும். 32-பிட் பதிப்பு போட்டிருந்தால் 64-பிட்டுக்கு மாறிவிடுங்கள், 32-பிட்டுக்கான ஆதரவை 2025-ஆம் வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். சார்ஜர், எஸ்எஸ்டி, எக்ஸ்டென்ஷன் வயர் மூன்றையும் வாங்குங்கள். ரெக்கார்டரைக் கட்டுப்படுத்துங்கள். ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்கப்புறமும் போதவில்லை என்றால் மினி பிசிக்குப் போகலாம், எஸ்எஸ்டியும் வயரும் அங்கேயும் உதவும்.

மோட்டார் மாட்டியிருந்தால், அதற்குப் பக்கத்தில் ஒரு புஷ் பட்டனும் வையுங்கள். எனக்கு அதற்கு ஆனது 35 ரூபாய்.